மருத்துவ உபகரண இரவல் நிலையம்: தொடங்குவதும் தொடர்ந்து நடத்துவதும்

கால் முறிந்தவருக்கு வாக்கர் தேவைப்படுவது சில வாரங்களுக்குத்தான். அதன்பின் அது பரணில் ஏறிவிடும். அதே தெருவில் இன்னொருவர் வாக்கர் வாங்க வழியில்லாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே இரவில் கழிவறைக்குப் போவார், ஒருநாள் விழுவார். இந்த இரண்டு வீடுகளுக்கும் நடுவில் நிற்பதுதான் உபகரண இரவல் நிலையம். உள்ளூர்த் தொண்டு அமைப்பு ஒன்று குறைந்த செலவில் செய்யக்கூடிய சுகாதாரப் பணிகளில் இவ்வளவு நேரடியாகப் பயன் தருவது வேறு அதிகம் இல்லை.

பொருட்கள் சேர்வதில் சிரமம் இருக்காது. அறிவிப்பு வைத்த ஒரு மாதத்தில் அறை நிறைந்துவிடும். கொடுப்பதும் சுலபம். போன பொருள் திரும்பி வரும்போதுதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. அதைக் கழுவ வேண்டும், சோதிக்க வேண்டும், பழுது பார்க்க வேண்டும், அடுத்தவருடைய உடலுக்கு அளவாக்க வேண்டும். இதற்கு ஆளும் நேரமும் ஒதுக்காத நிலையங்கள் இரண்டாம் ஆண்டில் உடைந்த சக்கர நாற்காலிகளின் கிடங்காக மாறிவிடுகின்றன. எனவே திட்டம் போடும்போது கொடுக்கும் கவுண்டரை விட்டுவிட்டு, திரும்ப வரும் வாசலிலிருந்து யோசிக்கத் தொடங்குங்கள்.

எதில் தொடங்குவது

குறைந்த வகைகளில் தொடங்குங்கள். இன்று மிகப் பெரிய இரவல் அமைப்புகளில் ஒன்றான யாத் சாரா, 1976இல் ஜெருசலேமில் ஒரு வீட்டிலிருந்து ஆவி பிடிக்கும் கருவிகளை இரவல் கொடுப்பதில்தான் தொடங்கியது. முதல் ஆண்டுக்கு ஐந்து வகைகள் போதும்: கைத்தடி, அக்குள் ஊன்றுகோல், வாக்கர், கமோட் நாற்காலி (அடியில் வாளி வைத்த கழிப்பு நாற்காலி), மடக்கும் சக்கர நாற்காலி. ஒரு சிறிய குடியிருப்புப் பகுதிக்குக் கையில் இருக்க வேண்டிய இருப்பு ஏறத்தாழ இப்படி: கைத்தடி 10, ஊன்றுகோல் 4 ஜோடி, வாக்கர் 6, கமோட் நாற்காலி 4, சக்கர நாற்காலி 6. சக்கர நாற்காலிகளில் இருக்கை அகலம் 40 செ.மீ. உள்ளவை 2, 45 செ.மீ. உள்ளவை 3, 50 செ.மீ. உள்ளது 1 என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆறும் ஒரே அகலமாக இருந்தால், வருகிறவர்களில் பாதிப் பேருக்கு அது பொருந்தாது.

மருத்துவக் கட்டிலையும், படுக்கைப்புண் வராமல் காக்கும் காற்று மெத்தையையும் இரண்டாம் கட்டத்தில் சேர்க்கலாம். அறைக் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துத் தரும் ஆக்ஸிஜன் செறிவூட்டியைத் தேர்ந்த தொழில்நுட்பர் ஒருவரின் துணை கிடைத்த பிறகே தொடுங்கள். அது ஏன் என்று பின்னால் வருகிறது.

இரவல் பட்டியலில் ஒருபோதும் சேர்க்கக் கூடாதவையும் உண்டு. நெபுலைசரின் முகமூடியும் மருந்துக் கிண்ணமும், ஆக்ஸிஜன் மூக்குக் குழாய், சிறுநீர்க் குழாய், உணவுக் குழாய், உறிஞ்சு கருவியின் குழாய்கள் எல்லாம் ஒருவருக்கு மட்டுமே உரியவை. நெபுலைசரின் கம்ப்ரசரை இரவல் கொடுக்கலாம். வாயில், மூக்கில் படும் பகுதி ஒவ்வொருவருக்கும் புதிதாகவே போக வேண்டும். சர்க்கரை பார்க்க விரலில் குத்தும் பேனாவை ஊசி மாற்றினாலும் பகிரக் கூடாது. அதன் வழியே ஹெபடைடிஸ் பி பரவியது பல இடங்களில் பதிவாகியிருக்கிறது. மீந்துபோன மருந்து மாத்திரைகளையும் வாங்காதீர்கள். அது வேறு சட்டம், வேறு துறை.

நன்கொடையை மறுக்கப் பழகுதல்

தந்தை பயன்படுத்திய நாற்காலியைக் கண்ணீரோடு கொண்டுவந்து கொடுக்கும் மகளிடம் "வேண்டாம்" என்று சொல்வது கடினம். ஆனால் வளைந்த சட்டத்தோடு அதை ஏற்றுக்கொண்டால், யாரும் பழுது பார்க்க முடியாத ஒரு பொருளுக்கு நீங்கள் இடம் கொடுத்துக் காவல் இருக்கிறீர்கள்.

உலக சுகாதார நிறுவனம் மருத்துவ உபகரண நன்கொடைக்கு வகுத்த நெறிகளில் ஒன்று, தரத்தில் இரட்டை அளவுகோல் கூடாது என்பது. கொடுப்பவர் தன் வீட்டில் பயன்படுத்தத் தயங்கும் பொருளை ஏழைக்கு என்று ஏற்கக் கூடாது. வாசலிலேயே ஐந்து நிமிடத்தில் இவற்றைப் பார்த்துவிடலாம்:

சட்டத்தில் வளைவோ, பற்றவைத்த இடத்தில் விரிசலோ உண்டா? அலுமினியக் குழாயில் உயரம் மாற்றும் துளைகளைச் சுற்றி வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். நூல் சிக்கினால் அங்கே வெடிப்பு இருக்கக்கூடும்; வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். உற்பத்தியாளர் பெயரும் எடை வரம்பும் எழுதிய ஸ்டிக்கர் இருக்கிறதா? எடை வரம்பு தெரியாத பொருளை யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய வழியில்லை. உதிரி பாகம் கிடைக்குமா? மின்கருவி என்றால் கையேடும் பிளக்கும் வயரும் முழுதாக இருக்கின்றனவா? உற்பத்தியாளர் அந்த மாடலைத் திரும்பப் பெற்றிருக்கிறாரா என்று அவர்களின் தளத்தில் தேடிப் பாருங்கள்.

இவற்றில் ஏதாவது ஒன்று சரியாக இல்லையென்றாலும் நன்றி சொல்லி, ஏன் ஏற்க முடியவில்லை என்பதையும் சொல்லுங்கள். அதே மாடல் நாற்காலிகள் உங்களிடம் நாலைந்து இருந்தால் மட்டும், பாகங்களைக் கழற்றி எடுப்பதற்கென்று கேட்டு வாங்கலாம். கொடுப்பவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். அப்பாவின் நாற்காலி இன்னொருவர் வீட்டில் ஓடுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருக்கக் கூடாது.

இடம்

பெரிய இடம் வேண்டியதில்லை, ஆனால் அழுக்கும் சுத்தமும் சந்திக்கக் கூடாது. திரும்பி வரும் பொருள் ஒரு வாசலில் நுழைந்து, கழுவும் இடம், உலரும் இடம், பழுது மேசை, தயார் அலமாரி என்று ஒரே திசையில் நகர வேண்டும். இரண்டு வாசல் இல்லையென்றால் தரையில் மஞ்சள் கோடு போட்டாவது பிரியுங்கள். தயார் அலமாரிக்குப் பக்கத்தில் கழுவாத கமோட் நாற்காலி நின்றால், எது எந்த நிலையில் இருக்கிறது என்பது ஒரு வாரத்தில் யாருக்கும் தெரியாமல் போகும்.

கழுவும் இடத்தில் தண்ணீர்க் குழாய், வடிகால், காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். கதவின் திறப்பு குறைந்தது 80 செ.மீ. இருக்கட்டும். 45 செ.மீ. இருக்கை கொண்ட, தானே உருட்டும் வகை நாற்காலியின் மொத்த அகலமே ஏறத்தாழ 65 செ.மீ. வரும். வாசலில் படி இருந்தால் சரிவுப் பலகை போடுங்கள். சரிவுக்கு 1:12 என்பது பரவலான கணக்கு. அதாவது 15 செ.மீ. படிக்கு 180 செ.மீ. நீளம். இதைவிடச் செங்குத்தாக வைத்தால் தள்ளுபவர் மூச்சுத் திணறுவார், இறங்கும்போது நாற்காலி அவர் கையை மீறும்.

பதிவேடு

ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். அதை ஸ்டிக்கராக ஒட்டினால் மூன்றாவது கழுவலில் போய்விடும். உலோகத் தகட்டில் அடித்து ரிவெட் செய்யலாம், அல்லது கம்பியால் கட்டலாம். பிளாஸ்டிக்கில் என்றால் சூடான ஊசியால் பொறிக்கலாம். பதிவேட்டில் எண், வகை, அளவு, எடை வரம்பு, வந்த தேதி, கடைசியாகச் சோதித்த தேதி, சோதித்தவர் கையெழுத்து, இப்போது எங்கே இருக்கிறது என்பன இருந்தால் போதும். கணினியில் வைத்தாலும் நோட்டில் வைத்தாலும் ஒன்றுதான். ஆனால் ஒரே இடத்தில் வையுங்கள். நோட்டிலும் கணினியிலும் பாதிப் பாதியாக இருக்கும் பதிவேடு இல்லாததற்குச் சமம்.

இரவல் படிவத்தில் நோயாளியின் உயரம், எடை, இடுப்பு அகலம், கவனிப்பவர் யார், இரண்டு தொலைபேசி எண்கள் ஆகியவற்றைக் கேளுங்கள். இரண்டாவது எண் வேறொரு வீட்டுக்காரருடையதாக இருக்கட்டும். பொருள் தொலைவதில் பெரும்பகுதி, மாறிப்போன ஒற்றை எண்ணால்தான். நோயின் பெயரை எழுத வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. "இடது கால் ஊன்றக் கூடாது", "வலது பக்கம் பலம் குறைவு" என்ற அளவு போதும். எழுதியதைப் பூட்டி வையுங்கள். ஒருவர் வீட்டில் யாருக்கு என்ன என்பது தெருப்பேச்சாகிவிட்டால், உதவி தேவைப்படுபவர் அடுத்த முறை உங்கள் பக்கமே வரமாட்டார்.

சுத்தம்

இதில் நடக்கும் பெரிய தவறு, அழுக்கின் மேலேயே கிருமிநாசினியைத் தெளிப்பது. அழுக்கும் சளியும் உடல் எண்ணெயும் இருக்கும் இடத்தில் குளோரின் தன் வேலையைச் செய்யாது. வரிசை இதுதான்:

1. ரப்பர் கையுறை, ஏப்ரன் போட்டுக்கொண்டு, கழற்றக்கூடிய குஷன், கால்தாங்கி, கமோட் வாளி எல்லாவற்றையும் கழற்றுங்கள்.

2. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவி, சோப்புப் போக அலசுங்கள். மடிப்புகள், திருகுத் தலைகள், கைப்பிடிக்கு அடிப்புறம் இவற்றுக்குப் பழைய பல் துலக்கி நல்லது.

3. 0.1 சதவீதக் குளோரின் கரைசலால் துடையுங்கள். 5 சதவீதத் திரவ பிளீச் என்றால் 20 மி.லி. எடுத்து 980 மி.லி. தண்ணீரில் கலந்தால் 1 லிட்டர் கிடைக்கும். இரத்தமோ மலமோ பட்ட இடத்துக்கு 0.5 சதவீதம், அதாவது 100 மி.லி. பிளீச்சுக்கு 900 மி.லி. தண்ணீர். மேற்பரப்பு 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும்.

4. பிறகு வெறும் தண்ணீரால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். இதைத் தவிர்த்தால் குளோரின் உலோகத்தை அரிக்கும், ரெக்சினை வெடிக்க வைக்கும்.

5. காற்றோட்டத்தில் ஒரு முழு நாள் உலர விடுங்கள். குழாய்க்குள் தேங்கும் ஈரத்தால் உள்ளிருந்து துரு பிடிக்கும். வாக்கரின் கால் நுனியில் உள்ள ரப்பர் புஷ்ஷைக் கழற்றித் தலைகீழாக நிறுத்தினால் தண்ணீர் வடிந்துவிடும்.

கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். நேற்றைய கரைசலின் வீரியத்தை நம்ப முடியாது. பிளீச்சோடு கழிவறை அமிலத்தையோ அம்மோனியாவையோ கலக்கக் கூடாது, நச்சு வாயு கிளம்பும். மின்கருவிகளின் வெளிப்புறத்தை, பிளக்கைப் பிடுங்கிய பிறகு, 70 சதவீத ஆல்கஹால் நனைத்த துணியால் துடைப்பது பாதுகாப்பு.

சோதனையும் பழுதும்

பழுது மேசையில் இருக்க வேண்டியவை: 3, 4, 5, 6, 8 மி.மீ. ஆலன் கீ, 8 முதல் 19 மி.மீ. வரை ஸ்பேனர்கள், டயர் நெம்பி இரண்டு, காற்றுப் பம்பு, பஞ்சர் ஒட்டு, நைலான் வளையம் உள்ள நட்டுகள், சிலிகான் எண்ணெய், 16, 19, 22, 25 மி.மீ. உள்விட்ட ரப்பர் புஷ்கள். இந்தப் புஷ்களைத்தான் எல்லாரும் மறப்பார்கள். மிக மலிவான பாகம், விழுவதைத் தடுப்பதில் முதல் பாகம். அடியில் உள்ள வரிகள் தேய்ந்திருந்தாலோ, விளிம்பு வெடித்திருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

வாக்கரையும் ஊன்றுகோலையும் சமதரையில் நிறுத்தி, வாக்கரின் நான்கு கால்களும், ஊன்றுகோல் ஜோடியின் இரண்டும் ஒரே துளையில் பூட்டப்பட்டிருக்கின்றனவா என்று எண்ணுங்கள். ஸ்பிரிங் பொத்தான் முழுவதுமாக வெளியே துருத்த வேண்டும். பாதி மட்டும் துருத்தினால் பார்ப்பதற்குப் பூட்டியது போல் இருக்கும், முழு எடை விழுந்ததும் உள்ளே சரியும். கமோட் நாற்காலியில் கால்களின் கீழ்ப் பகுதியையும் பற்றவைத்த இடங்களையும் பாருங்கள். சிறுநீரின் உப்பு அங்கேதான் தங்கி அரிக்கும். வண்ணப்பூச்சு கொப்பளித்திருந்தால் சுரண்டிப் பாருங்கள். அடியில் துரு ஆழமாக இருந்தால் அந்த நாற்காலி முடிந்தது.

சக்கர நாற்காலிக்குக் கொஞ்சம் நேரம் கொடுங்கள்.

பிரேக்கில் தொடங்குங்கள். பிரேக் போட்டுவிட்டுப் பின்னாலிருந்து தள்ளுங்கள். பெரிய சக்கரம் சுழலக் கூடாது. சுழன்றால் பிரேக்கைத் திருகுவதற்கு முன் காற்றைப் பாருங்கள். இந்த வகைப் பிரேக் டயரின் மேல் அழுத்தித்தான் பிடிக்கிறது. காற்று இறங்கினால் டயர் சுருங்கும், பிரேக்கின் கை எட்டாது. "பிரேக் பிடிக்கவில்லை" என்று வரும் நாற்காலிகளில் பலவற்றுக்கு வேண்டியது காற்று மட்டுமே. எவ்வளவு அழுத்தம் என்பது டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும்.

அடுத்து முன்சக்கரங்கள். ஒவ்வொன்றையும் தூக்கிச் சுழற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் அச்சில் முடியும் நூலும் சுற்றியிருக்கும். அச்சைக் கழற்றித்தான் எடுக்க முடியும். மேலிருந்து எண்ணெய் தெளித்தால் பேரிங்கின் கிரீஸ் கரையும், தூசி இன்னும் ஒட்டும். கழற்றி மாட்டிய பின் நாற்காலியை மூன்று மீட்டர் தள்ளிவிடுங்கள். நேராக ஓட வேண்டும்.

தள்ளும் கைப்பிடிகளின் ரப்பர் உறையைத் திருகி இழுத்துப் பாருங்கள். அது கழன்று வந்தால் ஆபத்து பெரிது: படியில் நாற்காலியைச் சாய்த்து இறக்கும்போது உறை மட்டும் கவனிப்பவர் கையில் தங்கும், நாற்காலி போய்விடும். கழற்றக்கூடிய பெரிய சக்கரமென்றால், மாட்டியதும் அச்சின் நடுப் பொத்தான் முழுவதும் வெளியே வந்ததா என்று பார்த்து, சக்கரத்தை இழுத்துச் சோதியுங்கள். இருக்கைத் துணி தொட்டில்போலத் தொங்கினால் மாற்றுங்கள். தொங்கும் இருக்கையில் இடுப்பு ஒரு பக்கம் சரியும், தொடைகள் உள்நோக்கி நெருங்கும், முதுகு வளையும்.

அளவு பார்த்துக் கொடுத்தல்

அளவில்லாத உபகரணம் புதிய காயத்தைக் கொடுக்கும். இலவசமாகக் கொடுக்கிறோம் என்பது அதற்குச் சமாதானமாகாது.

கைத்தடிக்கும் வாக்கருக்கும் ஒரே அளவுதான். வழக்கமாகப் போடும் செருப்போடு நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கையைத் தளரத் தொங்கவிட்டால் மணிக்கட்டின் மடிப்பு எங்கே வருகிறதோ அதுவே கைப்பிடியின் உயரம். பிடித்து நிற்கும்போது முழங்கை 15 முதல் 30 டிகிரி வரை மடங்கியிருக்கும். கைத்தடியை நோகும் காலுக்கு எதிர்க் கையில் பிடிக்க வேண்டும். பெரும்பாலானோர் நோகும் பக்கமே பிடிப்பார்கள், சொல்லித் திருத்துங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோகும் கால் முதலில்.

அக்குள் ஊன்றுகோலில் மேல் திண்டுக்கும் அக்குளுக்கும் இடையே 5 செ.மீ., அதாவது இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள். எடை உள்ளங்கையில் விழ வேண்டும். அக்குளில் தொங்கி நடந்தால் அங்கே ஓடும் நரம்பு நசுங்கி, மணிக்கட்டைத் தூக்க முடியாமல் கை தொங்கிவிடும். இதைச் செய்து காட்டாமல் ஊன்றுகோலைக் கொடுத்தனுப்பவே கூடாது.

சக்கர நாற்காலிக்கு நபரை உட்காரவைத்து அளவெடுங்கள். இடுப்பின் மிக அகன்ற இடத்தோடு 2 அல்லது 3 செ.மீ. கூட்டினால் இருக்கையின் அகலம். பிட்டத்தின் பின்புறத்திலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்து, அதில் 5 செ.மீ. வரை குறைத்தால் இருக்கையின் ஆழம். ஆழம் அதிகமானால் விளிம்பு முழங்காலின் பின்புறத்தை அறுக்கும். அதிலிருந்து தப்ப அவர் முன்னால் சறுக்கி உட்காருவார், வால் எலும்பில் புண் வரும். கால்தாங்கியைத் தொடை முழுவதும் குஷனில் படியும்படி சரிசெய்யுங்கள். தரைக்கும் அதற்கும் குறைந்தது 5 செ.மீ. இருக்கட்டும். கால்தாங்கி மிக உயர்ந்தால் தொடை மேலெழும்பி எடை முழுவதும் உட்காரும் எலும்புகளில் குவியும்.

வீட்டுக் கதவுகளின் திறப்பையும் அளந்து வரச் சொல்லுங்கள். கழிவறைக் கதவுதான் பெரும்பாலும் மிகக் குறுகியது. அதில் நுழையாத நாற்காலியோடு கமோட் நாற்காலியையும் சேர்த்தே கொடுக்க வேண்டியிருக்கும்.

சிலருக்கு நீங்கள் தனியாக முடிவெடுக்காதீர்கள், இயன்முறை மருத்துவரிடம் அனுப்புங்கள். முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், உட்காரும் இடத்தில் உணர்ச்சி இல்லாதவர்கள், உடலை நிமிர்த்தி வைக்க முடியாதவர்கள், குழந்தைகள், இரண்டு கால்களையும் இழந்தவர்கள் ஆகியோர் இதில் வருவார்கள். கால்கள் இல்லாதபோது உடலின் எடைமையம் பின்னால் போகிறது. பெரிய சக்கரங்களைப் பின்னோக்கி நகர்த்தாத சாதாரண நாற்காலி சரிவில் மல்லாக்கச் சாயும். உணர்ச்சியற்றவர்கள் குஷன் இல்லாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் புண் தொடங்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட கைச்சக்கர நாற்காலி வழிகாட்டி, பரிந்துரையிலிருந்து பின்தொடர்தல் வரை எட்டுப் படிகளை வகுக்கிறது. நாற்காலியைக் கையில் கொடுப்பது அதில் ஒரு பகுதி மட்டுமே.

கொடுக்கும்போது இருபது நிமிடம் ஒதுக்குங்கள். பிரேக் போடுவது, கால்தாங்கியைத் தூக்கிய பிறகே எழுவது, மடக்கும்போது விரல் நசுங்காமல் பார்ப்பது, செங்குத்தான சரிவில் பின்பக்கமாக இறக்குவது, இவ்வளவையும் நீங்கள் ஒருமுறை செய்து காட்டியபின் கவனிப்பவரைச் செய்யச் சொல்லுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். கால்தாங்கியின் மேல் ஏறி நின்று எழப் பார்த்துக் குப்புற விழுவது அடிக்கடி நடப்பது, அதைத் தனியாக எச்சரியுங்கள்.

கட்டிலும் காற்று மெத்தையும்

கட்டிலை இரண்டாகப் பிரியும் வகையாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் மாடிப்படித் திருப்பத்தில் சிக்கும். தூக்க இரண்டு பேர், பொருத்த அரை மணி நேரம். பக்கக் கம்பிகளைக் கேட்டவுடன் மாட்டிவிடாதீர்கள். கம்பிகளுக்கு இடையிலோ, மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவிலோ தலையும் கழுத்தும் மாட்டி முதியவர்கள் இறந்திருக்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் வழிகாட்டலில் கம்பிகளுக்கு இடையிலான திறப்பு 12 செ.மீ.க்குக் குறைவாக இருக்க வேண்டும். மெத்தை, கட்டிலின் அளவுக்குச் சரியாக இருக்க வேண்டும். நினைவு தடுமாறும் ஒருவர் கம்பியின் மேல் ஏறி இறங்கப் பார்த்தால், கம்பி இல்லாத கட்டிலிலிருந்து விழுவதைவிட உயரத்திலிருந்து விழுவார். அப்படிப்பட்டவருக்குக் கட்டிலைத் தாழ்த்தி வைப்பதே நல்ல வழி.

திரும்பி வந்த நுரை மெத்தையின் உறையைத் திறந்து உள்ளே பாருங்கள். வெளியில் பளிச்சென்று இருந்தாலும் நுரையில் கறை இருந்தால் உறையில் கண்ணுக்குத் தெரியாத துளை இருக்கிறது. நுரையைக் கழுவிக் காப்பாற்ற முடியாது.

காற்று மெத்தையை நுரை மெத்தையின் மேல் விரியுங்கள். மின்சாரம் போய்க் காற்று இறங்கினால், கட்டிலின் தகட்டில் நோயாளி படாமல் இருக்க இதுவே வழி. பம்பில் உடல் எடைக்கு ஏற்ப அழுத்தத்தை வைத்து, இடுப்புக்கு அடியில், மெத்தைக்குக் கீழே கையை நுழைத்துப் பாருங்கள். ஏறத்தாழ 2.5 செ.மீ. காற்று இடையில் இருக்க வேண்டும். மேலே ஒரே ஒரு மெல்லிய விரிப்பு, அதுவும் தளர்வாக. போர்வையும் ரப்பர் ஷீட்டுமாக நாலு அடுக்குப் போட்டால் மெத்தையின் பயன் போய்விடும். குடும்பத்தாரிடம் இதையும் சொல்லுங்கள்: மெத்தை இருந்தாலும் திருப்பிப் படுக்க வைப்பது நிற்கக் கூடாது. விரலால் அழுத்தியும் வெளுக்காத சிவப்பு தெரிந்தால் செவிலியரைக் கூப்பிட வேண்டும்.

ஆக்ஸிஜன் செறிவூட்டி

இது மருந்தைத் தயாரிக்கும் இயந்திரம். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், நாளுக்கு எத்தனை மணி நேரம் என்று மருத்துவர் எழுதிய சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்களில் பலருக்கு இரத்த ஆக்ஸிஜன் இலக்கு 88 முதல் 92 சதவீதம்தான். "மூச்சு வாங்குகிறது" என்று வீட்டில் குமிழைத் திருகி அதிகமாக்கினால் கரியமில வாயு சேர்ந்து மயக்கம் வரலாம்.

ஒவ்வொரு முறை திரும்பி வரும்போதும் இயந்திரத்தை 20 நிமிடம் ஓடவிட்டு, அதன் முழு ஓட்டத்தில் ஆக்ஸிஜன் அளவியால் தூய்மையைப் பாருங்கள். நல்ல நிலையில் உள்ளது 90 சதவீதத்துக்கு மேல் காட்டும். 85க்குக் கீழே போனால் உள்ளே நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் சியோலைட் துகள்கள் தேய்ந்திருக்கின்றன அல்லது ஈரம் பிடித்திருக்கிறது. சத்தம், விளக்கு, காற்று எல்லாம் வழக்கம்போல் இருக்கும், வருவதில் ஆக்ஸிஜன் மட்டும் குறைந்திருக்கும். அளவி இல்லாத நிலையம் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. தொழில்நுட்பர் கிடைக்கும் வரை தொடாதீர்கள் என்றது இதனால்தான்.

வீட்டில் வைக்கும்போது சுவரிலிருந்து 30 செ.மீ. தள்ளி வைக்கவும், வெளி வடிகட்டியை வாரம் ஒருமுறை கழுவி நன்கு உலர்த்தி மாட்டவும் சொல்லுங்கள். அந்த அறையில் புகைபிடித்தல், சுடர் விளக்கு, அடுப்பு எதுவும் கூடாது. மூக்கில் பெட்ரோலியம் ஜெல்லியும் பூசக் கூடாது. மின்தடைக்கு மாற்றாகச் சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்த பிறகே கையெழுத்து வாங்குங்கள்.

தவணையும் திரும்பப் பெறுதலும்

மூன்று மாதம் என்று தவணை வைத்து, ஒரு தொலைபேசி அழைப்பில் நீட்டிக்கலாம் என்று சொல்லுங்கள். தவணையே இல்லாமல் கொடுத்தது திரும்பாது. வாழ்நாள் முழுக்கத் தேவைப்படுபவருக்குத் தனிப் பிரிவு வையுங்கள். அவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கெஞ்ச வைக்கக் கூடாது. திருப்பித் தரும் முன்பணம் பொருள் திரும்பி வர ஓரளவு உதவும். ஆனால் "இப்போது முடியாது" என்று ஒருவர் சொன்னால் மறுகேள்வி கேட்காமல் விட்டுவிடுங்கள். முன்பணத்துக்குப் பயந்து ஒருவர் வாக்கர் இல்லாமல் வீடு திரும்பினால் நிலையம் திறந்து வைத்ததில் பயனில்லை.

அழைப்புகள் மூன்று. முதல் வாரத்தில் "பொருந்துகிறதா, எங்காவது சிவந்திருக்கிறதா?" என்று. ஒரு மாதத்தில் பழுது உண்டா என்று. தவணைக்குப் பத்து நாள் முன்பு நீட்டிப்பா, திருப்பலா என்று. முதல் வார அழைப்பைத் தவறவிடாதீர்கள். பயன்படாத பொருள் மூலையில் நிற்பது அப்போதுதான் தெரியவரும்.

சில அழைப்புகளில் மறுமுனையில், "அம்மா போய்விட்டார்" என்பார்கள். அங்கே உபகரணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். ஆறுதல் சொல்லி, "எதுவும் அவசரமில்லை, நீங்கள் சொல்லும்போது எங்கள் ஆட்கள் வந்து எடுத்துக்கொள்வார்கள்" என்று முடியுங்கள். பதிவேட்டில் குறித்து, மற்ற அழைப்புகள் அந்த வீட்டுக்குப் போகாமல் நிறுத்துங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரே ஒருவர் பேசட்டும். சில குடும்பங்கள் அந்தக் கட்டிலை அன்றைக்கே எடுத்துப் போகச் சொல்வார்கள், பார்க்க முடியாமல். அதற்கும் வண்டி தயாராக இருக்க வேண்டும். எடுக்கப் போகிறவர்கள் தலையணை உறைக்குள்ளும் மெத்தைக்கு அடியிலும் கைவிட்டுப் பார்த்து, மோதிரம், படம், துண்டுச்சீட்டு எது இருந்தாலும் அங்கேயே கொடுத்துவிட்டு வரவேண்டும்.

கழித்தல்

பழுதுக்கு ஆகும் செலவு புதிய பொருளின் பாதி விலையைத் தாண்டினால், அல்லது சட்டத்தில் விரிசல் இருந்தால், கழித்துவிடுங்கள். அலுமினியச் சட்டத்தை உள்ளூர்ப் பட்டறையில் பற்றவைத்து மீண்டும் ஓட்டாதீர்கள். பற்றவைத்த சூட்டில் பக்கத்து உலோகம் பலம் இழக்கும், அடுத்த முறை ஒட்டுக்கு அருகிலேயே முறியும். நல்ல முன்சக்கரம், கால்தாங்கி, பிரேக், கைப்பிடி இவற்றைக் கழற்றி மாடல் பெயர் எழுதிய பெட்டிகளில் போடுங்கள். பதிவேட்டில் எண்ணை அடித்து, தேதியும் காரணமும் எழுதுங்கள். மீந்த சட்டத்தை முழுதாக இரும்புக் கடைக்குப் போடாமல் நடுவில் அறுத்துப் போடுங்கள். முழுதாகப் போனால் யாரோ ஒருவர் இரக்கப்பட்டு எடுத்துப்போய், கயிறு கட்டி, இன்னொரு நோயாளியை அதில் உட்காரவைப்பார்.